நாலுபடிக் கொல்லை

1

எழுத வருகிற இளம் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, 'எதை எழுதுறது?' என்பதுதான். நாமும் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறோம். 'வரலாத்துக்குப் போ. சொந்த ஊருக்குப் போ. பாட்டிகிட்ட உக்காந்து கேளு. எல்லாம் அங்கதான் கொட்டிக் கிடக்கு.' தொண்ணூறுகளில் இந்தப் பதிலுக்கு ஒரு தேவை இருந்தது. நடுத்தர வர்க்கத்து மன உளைச்சலையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்த நவீனத்துவத்துக்கு எதிராக வட்டாரம், வாய்மொழி, விளிம்பு என்று கதவுகள் திறந்தன. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. சொந்த ஊரும் சொந்த நினைவும் இலக்கியத்தின் அரசியலாக ஆகமுடியும் என்பது நிரூபணமானது. அதையெல்லாம் யாரும் மறுக்கப்போவதில்லை.

ஆனால் அந்தப் பதில் நாளடைவில் ஒரு கைவைத்தியக் குறிப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பாட்டி, ஒரு பாழடைந்த கோயில், ஒரு பழைய பஞ்சம், நாலு வட்டாரச் சொற்கள் போட்டுக் கலக்கினால் கதை ரெடி என்கிற நிலை. 'கொட்டிக் கிடக்கு' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். கொட்டிக் கிடப்பதை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம். அது யாருடையது, யார் கையிலிருந்து கொட்டியது, அள்ளுகிறவனின் பாட்டன் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தான் என்கிற கேள்விகளுக்கு அந்தச் சொல்லில் இடமே கிடையாது.

இந்தக் கேள்விகளை மற்றவர்கள் பிரதிகளை வைத்துக் கேட்பது சுலபம். நான் என்னுடையதை வைத்துக் கேட்டுப்பார்க்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நான் ஒரு கதை எழுதினேன். இன்னொரு கதையை எழுதாமல் இருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டுக்கும் இடையில் நடந்ததைப் பற்றியது.

2

முதலில் கோப்புகளில் இருக்கிற வரலாறு. 1876இல் மழை பொய்த்தது. அந்த வருஷத்துக்குத் தமிழ்ப் பெயர் தாது. அடுத்த வருஷமும் பருவம் சரியாக அமையவில்லை. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் என்று தக்காணமும் தெற்கும் காய்ந்தன. பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் செத்தவர்கள் ஏறக்குறைய 55 லட்சம் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இதைவிட மிக அதிகமாகச் சொல்கிறவர்களும் உண்டு.

மழை பொய்த்ததனால் மட்டும் இத்தனை பேர் சாகவில்லை. தானியம் இருந்தது. அது விலைக்கு இருந்தது. புதிதாகப் போட்ட ரயில் பாதைகள் பஞ்சப் பகுதிக்குத் தானியம் கொண்டுவரும் என்று நம்பினார்கள். அதே பாதை வழியாக வியாபாரிகள் உள்ளூர்த் தானியத்தை எங்கே விலை அதிகமோ அங்கே கொண்டுபோய்க் குவித்தார்கள். சந்தையில் கைவைக்கக்கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனுடைய பொருளாதார வேதம். 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பட்டு விருந்து நடந்துகொண்டிருந்தபோது சென்னை மாகாணத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமைக் கப்பல்களும் நிற்கவில்லை.

அந்த ஜனவரியில்தான் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்சப் பிரதிநிதியாகத் தெற்கே வந்தார். 1873–74இல் பீகார் பஞ்சத்தின்போது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியை இறக்கி ஜனங்களைக் காப்பாற்றியவர். அப்போது 'அநாவசியமாகச் செலவு பண்ணிவிட்டார்' என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் கெட்ட பேரைத் துடைக்க வேண்டும் அல்லவா? நிவாரண வேலை பார்க்கிற ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். நம் கணக்கில் அரைப்படிக்கும் கம்மி. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு! மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது ஆளைக் கொல்கிற கூலி என்று எதிர்த்து எழுதினார். எவ்வளவு தின்றால் ஒரு கூலிக்காரன் சாகாமல் வேலைசெய்வான் என்று இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் காகிதத்தில் விவாதித்துக்கொண்டார்கள். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சொந்த ஊருக்குப் பத்து மைலுக்குள் வேலை கிடையாது. நிஜமாகவே கதியற்றவன்தானா என்று சோதித்துப் பார்க்கிற ஏற்பாடு இது. நடந்து வந்து சேர்ந்தால் கதியற்றவன். வழியில் விழுந்துவிட்டால் கணக்கிலேயே வரமாட்டான்.

பஞ்சம் முடிந்தபின் ஒரு கமிஷன் போட்டார்கள். 1880இல் அறிக்கை வந்தது. அதையொட்டி 1883இல் பஞ்சச் சட்டவிதிகள் வகுக்கப்பட்டன. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இலேயே இரண்டு பெரிய தொகுதிகளில் இந்தப் பஞ்சத்தை எழுதிவிட்டார். ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் பிடித்தார். பிற்பாடு 1886இல் பர்மாவில் கைதிகளைச் சுடுகிற தருணத்தைப் படமெடுக்கப்போய்ச் சர்ச்சையில் மாட்டிக்கொண்டவரும் இவர்தான். தாது வருஷம் பற்றி இன்றைக்கு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இவருடைய படங்கள்தான். படம் எடுத்தவன் பெயர் தெரியும். படத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது.

ஆக, தாது வருஷப் பஞ்சம் ஆவணமில்லாத வரலாறு அல்ல. ஆவணங்கள் மலைபோலக் கிடக்கின்றன. ஆனால் அவை எல்லாம் கூலி கொடுத்தவனின், எண்ணியவனின், படமெடுத்தவனின் சொல்லாடல்கள். ஆவணத்தை அதன் போக்குக்கு எதிராக வாசிக்கவேண்டும் என்று ரணஜித் குஹாவும் விளிம்புநிலை ஆய்வாளர்களும் சொல்லிக்கொடுத்தார்கள். 1984இல் டேவிட் ஆர்னால்ட் அப்படி வாசித்துத்தான், நாம் செத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்த இடத்தில் தானியக் கடைகளைச் சூறையாடிய ஜனங்களைக் காட்டினார். பசித்தவன் சும்மா படுத்துச் சாகவில்லை என்று அங்கிருந்துதான் நமக்குத் தெரிந்தது.

3

இனி இடம். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் எட்டு கிலோமீட்டர்க் கால்வாய், 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வடக்கே எண்ணூர் பக்கம் 1806லிருந்தே ஒரு கால்வாய் இருந்தது. அது வளர்ந்து, தெற்கிலும் இணைந்து, ஆந்திரக் கடற்கரையிலிருந்து மரக்காணம் வரை நீண்டது. அன்றைக்குக் கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயரை அதற்கு வைத்தார்கள். உப்பும் விறகும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் போய்வந்த நீர்வழி, பிறகு தூர்ந்து சாக்கடையானது.

1996 ஏப்ரலில் மறுபடியும் தாது வருஷம் பிறந்தது. அறுபது வருஷச் சக்கரத்தில் 1876க்குப் பிறகு 1936, அதற்குப் பிறகு 1996. யாரும் கவனிக்கவில்லை. பஞ்சாங்கக்காரர்கள் பலன் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த வருஷம் நான் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை அந்தக் கால்வாய் ஓரமாக நடந்தேன். பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டிருந்தார்கள். அடுத்த வருஷம், 1997இல், மயிலாப்பூர் வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. பசியால் வெட்டப்பட்ட பள்ளத்தில் தாது வருஷத்தில் கான்கிரீட் நிற்கிறதே என்று எனக்கு ஒரு சிலிர்ப்பு ஏற்பட்டது. உடனே நோட்டுப்புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டேன். இந்தச் சிலிர்ப்பைத்தான் நாம் 'உந்துதல்' என்கிறோம்.

கரையில் குடிசை போட்டிருந்த ஒரு அம்மா, நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கணக்கெடுக்கறியா? எப்ப காலி பண்ணச் சொல்லுவாங்க?" என்று கேட்டார். என் சிலிர்ப்பு அடங்கிவிட்டது. அவரைப் பொறுத்தவரை நோட்டும் கையுமாகக் கரையில் நிற்கிறவன் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் நிற்பான். அவர் நினைத்ததில் தப்பில்லை. 2000க்குப் பிறகு நகரத்து நீர்க்கரைகளில் வாழ்ந்த ஜனங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். 'சொந்த இடத்திலிருந்து பத்து மைலுக்கு அப்பால்' என்கிற விதி வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது.

இடம் பேசும் என்று எழுத்தாளர்கள் அடிக்கடி சொல்கிறோம். இடம் தானாகப் பேசுவதில்லை. பெயர் பேசும், கொஞ்சம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹைதர் அலி யுத்தத்தை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782இல், அங்கே கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் நினைவு அந்தப் பெயர். அரசாங்கம் ஒரு கவர்னர் பெயரை வைத்தது. ஜனங்கள் கஞ்சியை வைத்துக்கொண்டார்கள். கால்வாய்க்கு அப்படி ஒரு ஜனங்களின் பெயர் நிலைக்கவில்லை. வெட்டியவர்கள் அதன் கரையில் தங்கவில்லை. செத்தவர் போக மிஞ்சியவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். இல்லாவிட்டால் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மொரிஷியஸுக்கும் கப்பலேறினார்கள்.

இதே கால்வாயின் வடக்குப் பகுதியில் நிலைமை வேறு. ஒங்கோல் பக்கம் ஜான் கிளஃப் என்கிற அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி, கால்வாயின் மூன்றரை மைல் நீளத்தைத் தானே ஒப்பந்தத்துக்கு எடுத்து, மாதிகா ஜனங்களுக்கு வேலை கொடுத்தார். மேஸ்திரிகளாக இருந்தவர்களும் அந்தச் சாதியிலிருந்து வந்த உபதேசிமார்களே. நிவாரணம் நடந்த மாதங்களில் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் நிறுத்திவைத்தார். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சோற்றுக்கு மதம் மாறினவர்கள் என்று ஏளனம் பண்ணுவது வயிறு நிறைந்தவனின் வழக்கம். நான் சொல்ல வருவது அதைப் பற்றி அல்ல. சர்க்கார் கணக்கில் கூலி யூனிட்டுகளாக இருந்தவர்கள், அங்கே சபையின் கணக்கில் ஆட்களாக ஆனார்கள். கால்வாய் வெட்டியது அவர்களுக்கு அவமானத்தின் கதையாக மட்டும் இல்லாமல் ஒரு தொடக்கத்தின் கதையாகவும் சொல்லப்பட வழி இருந்தது. நினைவு தங்குவதற்கு ஒரு நிறுவனம், ஒரு சடங்கு, ஒரு பதிவேடு தேவைப்படுகிறது. எந்த நினைவு தங்கியது என்று கேட்கும்போதே, அதற்கு யார் இடம் கொடுத்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

4

நம் இலக்கியம் இடம் கொடுத்ததா?

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை இந்தப் பஞ்சத்தில் தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லிக் கடவுளிடம் முறையிடும் கீர்த்தனைகள் பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைப் பாடினார். தமிழின் முதல் நாவலான அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879இல், பஞ்சம் ஓய்ந்த சூட்டில். நாவல் அதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டது என்பதால், 'ஏன் அதில் பஞ்சம் இல்லை?' என்று அவர் சட்டையைப் பிடிக்கமுடியாது. ஆனால் வேறொன்றைக் கவனிக்கலாம். பஞ்சத்தைச் சொல்ல அவர் கைக்கு வந்த வடிவம் கீர்த்தனை. சிவகங்கையில் வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' எழுதினார். அதில் மதுரைச் சொக்கநாதரே தன்னால் ஆகவில்லை என்று ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதுகிறார். சிரிப்பாணியும் வயிற்றெரிச்சலும் கலந்த பிரதி. ஊர் ஊராகக் கும்மிப் பாட்டுக்கள் வந்தன. கீர்த்தனை, அங்கதம், கும்மி எல்லாம் பஞ்சத்தை எடுத்துக்கொண்டன. புதிதாக வந்த நாவலும் சிறுகதையும் நெடுங்காலம் அதைத் தம் மையத்துக்குக் கொண்டுவரவில்லை.

2013இல் ஜெயமோகனின் 'வெள்ளை யானை' வந்தது. அந்தப் பஞ்சத்தையும் ஐஸ் ஹவுஸில் தலித் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தையும் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட நாவல். நாவலின் மனசாட்சியாக வருகிறவன் ஏய்டன் என்கிற ஐரிஷ்கார அதிகாரி. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, அறிகுறியாகச் சொல்கிறேன். ஆவணக் காப்பகம் எந்தக் கண்களைக் கொடுக்கிறதோ அந்தக் கண்கள் வழியாகப் பார்ப்பதுதான் வரலாற்று நாவலுக்குக் கைவருகிறது. டிக்பியும் கார்னிஷும் எழுதிவைத்திருக்கிறார்கள், ஆகவே நமக்கு ஒரு மனசாட்சியுள்ள வெள்ளைக்காரன் எளிதாகக் கிடைக்கிறான். மண் சுமந்தவள் எழுதிவைக்கவில்லை.

அப்படியானால் அவளுக்காக நான் கற்பனை செய்து எழுதிவிடலாமே என்று தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன்.

5

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். புன்செய் மிகுந்த, ஏரியை நம்பிய கிராமம். எங்கள் ஆயா உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடியைத் திரும்ப அள்ளித் தனிச் சட்டியில் போடுவாள். ஏன் ஆயா என்றால், "தாது வருஷம் மறுக்கா வரும்டா" என்பாள். சோற்றைச் சிந்தினால், "தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்" என்று திட்டு விழும். என் குடும்பம் பசித்த குடும்பம் என்று நான் முடிவுகட்டினேன். 1987இல் கதை எழுதினேன். என் கொள்ளுப்பாட்டனுக்கு அப்பன் மாதிரி ஒருவன், பெண்டாட்டி பிள்ளைகளோடு பட்டணத்துக்கு நடந்து, கால்வாய் மண்ணைச் சுமந்து, கரையிலேயே செத்துப்போகிறான். ஒரு சிற்றிதழில் வந்தது. நண்பர்கள் உருக்கமாக இருக்கிறது என்றார்கள். பெருமை தாங்காமல் ஊருக்கு எடுத்துப்போய் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டு ஆயா, "யாருடா செத்தது? நம்ம வூட்லயா?" என்றாள். ஆமாம் என்றேன். "நம்ம வூட்ல குதிரு காலியாவலடா. எங்க மாமியா சொல்லும். தெருக்கதவ சாத்தி உள்தாப்பா போட்டுக்குனு ராவுலதான் ஒல வப்பாங்களாம்." அதோடு நிறுத்திக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

அந்தக் கைப்பிடி அரிசிக்கு நான் கொடுத்த வாசிப்பு அங்கேயே உடைந்தது. அது பசித்தவர்களைப் பார்த்துப் பயந்த வீட்டின் பழக்கம். உலை கொதிக்கிற வாசனை வெளியே போகாமல் பார்த்துக்கொண்டவர்களின் நினைவு. நான் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே நின்றவனின் நினைவாக எழுதி, அவன் சாவையும் என் குடும்பத்துக்கே வரவு வைத்துவிட்டேன். ஒருத்தன் நிலத்தை எடுத்துக்கொண்டபின் அவனுடைய பசியையும் எடுத்துக்கொள்வது மாதிரி.

'நிலத்தை' என்று எழுதினேனே, அதை அப்போது எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் கழித்து, கால்வாய் ஓரம் நடந்த அந்த 1996இல்தான் தெரிந்தது.

எங்களுக்கு நாலுபடிக் கொல்லை என்று ஒரு துண்டு நிலம் இருந்தது. விதைப்பாட்டை வைத்து நிலத்துக்குப் பேர் சொல்வது வழக்கம் என்பதால், நாலு படி கேழ்வரகு விதைக்கிற கொல்லை என்றே நினைத்திருந்தேன். என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். சேரியில் எண்பது வயசு கடந்த ஒருவர் இருந்தார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் கற்றுக்கொடுக்கப்பட்டது. அந்த வெட்கத்தோடு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "பெரியவரே, தாது வருஷத்தப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒங்க வூட்டு நாலுபடிக் கொல்லையக் கேக்கறியா தம்பி?"

இல்லை, பஞ்சத்தை என்றேன்.

"அதான் சொல்றேன். அது எங்க பாட்டனோட மானியம். ஏரி காவலுக்கு உட்டது. நாலு படி கேவுருக்குப் போச்சி. எழுதிக் குடுத்துட்டு, அத தின்னு தீத்துட்டு, வாய்க்கா வெட்டப் பட்டணம் போனாரு. புள்ளைங்க ரெண்டும் வழியிலயே போயிடுச்சி. திரும்பி வந்து, அதே கொல்லையில ஒங்க வூட்டுக்கு ஏர் ஓட்டுனாரு. நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்ல அவரு வாயால சொன்னது."

நாலு படி கேழ்வரகு. டெம்பிள் கூலிக் கணக்கில், ஒரு ஆளுக்கு இரண்டு வாரத்துக்குக்கூடக் காணாது. விதைப்பாடு என்று நாங்கள் படித்துவந்த பெயர், சேரியில் விலையாகப் படிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒரே சொல், இரண்டு தெருக்கள், இரண்டு வரலாறுகள். நூற்றியிருபது வருஷமாக இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே புழங்கியிருக்கின்றன. சந்திக்கவில்லை என்று சொல்வதும் தப்பு. அவர்களுக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். எங்களுக்கு ஒன்றுதான் தெரியும். மறக்கிற வசதி எங்களுக்கு இருந்தது.

6

அவர் பாட்டனின் பெயரை அன்றைக்கே சொன்னார். கோப்புகள் முழுக்கத் தேடிக் கிடைக்காத ஒன்று: கால்வாய் வெட்டிய ஒரு ஆளின் பெயர். எனக்குக் கை பரபரத்தது. இதை எழுதப்போகிறேன், அவர் பெயரைப் போடுவேன் என்றேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய பேரன், அப்போது இருபது வயசு இருக்கும், "பேரெல்லாம் வேணாங்க" என்றான். "நீங்க எழுதிட்டுப் பட்டணம் போயிடுவீங்க. நாளைக்கு ஒங்க பங்காளிங்க வந்து, என்னாடா, நெலத்துக்கு உரிமை கொண்டாடறீங்களான்னு எங்களத்தான் கேப்பாங்க."

அவன் சும்மா பயப்படவில்லை. இதே மாவட்டத்தில்தான் 1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். நிலமில்லாமல் வைத்திருப்பதுதான் அவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்று அது காட்டியது. அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையில்தான் பஞ்சமி நிலங்கள் பிறந்தன. அந்த நிலங்களும் கைமாறின. இதே மாவட்டத்தில்தான், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அந்தப் பையனுக்கு அது நேற்று நடந்தது.

விளிம்புநிலை மக்களின் மௌனம் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். பேச முடியாதவர்கள், பதிவு இல்லாதவர்கள், காலனியம் பெயரை அழித்துவிட்டது என்றெல்லாம். இங்கே பெயர் அழியவில்லை. நாலு தலைமுறையாகப் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் காலனியம் இல்லை, எங்கள் தெரு. அந்த மௌனம் 1877ஐச் சேர்ந்தது அல்ல. இன்றைய நிலவுடைமையைச் சேர்ந்தது. அதைப் போய் 'வரலாற்றின் இடைவெளி' என்று அழகாகப் பேர்வைத்து, நம் கற்பனையால் நிரப்புவதற்குக் கிடைத்த இடமாக எடுத்துக்கொண்டால், அது இன்னொரு நாலு படி பேரம்தான்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். 2006இல் எங்கள் பக்கம் மனை வியாபாரம் சூடுபிடித்தது. பங்காளிகள் கூடி நாலுபடிக் கொல்லையை விற்றார்கள். கையெழுத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பெரியவர் சொன்னதை என் சித்தப்பாவிடம் சொன்னேன். "பட்டா யாரு பேர்ல இருக்கு? அத பாரு" என்றார். பட்டா எங்கள் பேரில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். என் பங்குக்கு வந்த தொகையை நான் குடியிருக்கிற வீட்டுக்கு முன்பணமாகக் கட்டினேன். பெரியவர் அப்போது இல்லை. பேரனைப் பார்க்க நான் போகவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுகிற மேசை அந்த வீட்டில்தான் இருக்கிறது.

அதனால் 'எதை எழுதுறது?' என்று கேட்கிற நண்பர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். வரலாற்றுக்குப் போங்கள், ஊருக்குப் போங்கள், ஆயாவிடமும் கேளுங்கள். ஆனால் ஆயா நிறுத்திக்கொள்கிற இடத்தைக் குறித்துவையுங்கள். அதற்கப்புறம் அடுத்த தெருவுக்குப் போங்கள். அங்கே உங்கள் வீட்டு நிலத்துக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். கோப்பில் கூலி எவ்வளவு என்று இருக்கும், ஊரில் விலை எவ்வளவு என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதை வருகிறதோ இல்லையோ, நீங்கள் எங்கே நின்று எழுதுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது கதையை நான் எழுதவில்லை. பாட்டனின் பெயர் என் நோட்டில் இருக்கிறது. அதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்கிற உரிமை அந்தப் பேரனுடையது. அவருக்கும் இப்போது ஐம்பது வயசு ஆகியிருக்கும். இந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு நான் முதலில் போகவேண்டிய இடம் அவர் வீட்டுத் திண்ணைதான். அவர் கேட்கப்போவது கதையைப் பற்றியதாக இருக்காது. கொல்லை என்ன விலைக்குப் போனது, அதில் என் பங்கு எவ்வளவு என்றுதான் கேட்பார். அந்தத் தொகையைச் சொல்லத் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.